ஒன்பது பேஸ் கிடார்களும் ஒரு நல்ல நேரமும்

இக்கதையை முதலில் சொன்னவர், அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் இசை கற்பித்த செண்பகவடிவு டீச்சர். தேர்வு மேற்பார்வை முடித்துப் பேருந்துக்குக் காத்திருந்த வேளையில் சொன்னார். அன்று பேருந்து மிகவும் தாமதமாக வந்தது. அந்தத் தாமதத்துக்கு நன்றி.

"மாஸ்டர், எதுலயும் என் நாதம் இல்லீங்க. அடுத்தது எதை வாங்கட்டும்?"

கேட்டவர் கோதண்டபாணி. காப்பீட்டு நிறுவனமொன்றில் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கோயம்புத்தூரில் மாடி வீட்டில் குடியிருந்தார். அவ்வீட்டின் முன்னறையில் ஒன்பது பேஸ் கிடார்களும், அவற்றின் ஒலியைப் பெருக்கும் ஆறு ஆம்புகளும் இருந்தன.

கேட்கப்பட்டவர் வேதநாயகி. மெல்லிசைக் குழு ஒன்றில் பேஸ் வாசிப்பவர். கோதண்டபாணியைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆயினும் குழுவினர் அழைப்பதைப் போலவே கோதண்டபாணியும் அவரை மாஸ்டர் என்றே அழைத்தார்.

வேதநாயகி ஒத்திகைக் கூடத்து வாசலில் நின்று நீண்ட கேபிள் ஒன்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டி முடித்ததும் அதைக் கோதண்டபாணியின் தோளில் மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கோதண்டபாணி அந்தக் கேபிளோடு நெடுநேரம் நின்றார்.

மூன்று ஆண்டுகளாக இப்படித்தான். பாடம் சொல்லித் தாருங்கள் என்று போய் நிற்பார். வீட்டில் கிடார்க் கடையே வைத்திருப்பவருக்குப் பாடம் எதற்கு என்று வேதநாயகி கேட்பார். குழுவினர் சிரிப்பார்கள். கோதண்டபாணியும் சேர்ந்து சிரித்துவிட்டு வீடு திரும்புவார்.

அவர் பகட்டுக்காக வாங்கியவர் அல்லர். ஒவ்வொரு கிடாரையும் காதலித்தே வாங்கினார். அடர்சிவப்பு நிறத்தது ஒன்று. ஐந்து தந்திகள் உடையது ஒன்று. கழுத்தில் ஸ்வரக் கட்டைகளே இல்லாமல் வழுவழுவென்று இருப்பது ஒன்று. காலையில் மெல்லிய துணியால் அவற்றைத் துடைக்கும்போது, இவை தம் வீடு தேடி வந்தனவே என்று மனம் நெகிழ்வார்.

பிறர் தொட விடமாட்டார். மனைவி சுலோசனா காபித் தம்ளரோடு அறையின் நிலைப்படி வரை வரலாம். அதற்கு அப்பால் வந்ததில்லை.

வாசிக்க உட்கார்ந்தால் குறை தொடங்கும். ஒலி தம்மிடம் வந்து சேரவில்லை என்று தோன்றும். ஆம்பின் திருகைக் கூட்டுவார். போதாது. இரண்டாவது ஆம்பையும் சேர்ப்பார். அதுவும் போதாது. அடுத்த மாதம் புதிதாக ஓர் ஆம்ப் வந்து இறங்கும்.

சரசுவதி பூசையன்று வேதநாயகியை வீட்டுக்கு அழைத்தார். அவர் வந்தார்.

ஒன்பது கிடார்களும் மனைப்பலகைகளின் மேல் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம். ஆம்புகளுக்கும் பொட்டு இட்டிருந்தார்.

வேதநாயகி எல்லாவற்றையும் பார்த்தார். எதைப் பற்றியும் விசாரிக்கவில்லை. சுலோசனா கொடுத்த பொரியையும் சுண்டலையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"நாளைக்கு எல்லாத்தையும் எடுப்பீங்களா சார்?"

கோதண்டபாணி தம் வழக்கத்தைச் சொன்னார். விஜயதசமி அன்று ஏதேனும் ஒன்றை எடுத்து வாசிப்பார். மற்றவற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

"எங்க குழுவுல வேற வழக்கமுங்க. பூசையில வச்சது அத்தனையும் விஜயதசமி நல்ல நேரத்துல ஒண்ணா ஒலிக்கணும். ஒண்ணு சும்மா கிடந்தாலும் பூசை நிறையலைன்னு அர்த்தம்."

கோதண்டபாணி கிடார் வரிசையை ஒருமுறை எண்ணிப் பார்த்தார்.

"அத்தனையும் ஒலிச்சா பாடத்துக்கு வாங்க. இல்லைன்னா இனிமேல் கேட்டு வராதீங்க."

"எனக்கு ரெண்டு கைதானுங்களே மாஸ்டர்."

"பாத்தேன்," என்றார் வேதநாயகி. பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் நல்ல நேரம் ஒன்பதேகால் முதல் பத்தேகால் வரை என்று நாட்காட்டி சொல்லிற்று.

கோதண்டபாணி விடிந்ததும் எழுந்து ஒன்பது கிடார்களிலும் ஒரு தந்தியை மட்டும் ஒரே ஸ்வரத்துக்குச் சேர்த்தார். எங்கும் அழுத்த வேண்டியதில்லை, மீட்டினால் போதும். பயிற்சியில்லாத விரலும் செய்யக்கூடியது அது. விரல்களைத்தான் தேட வேண்டியிருந்தது.

படியிறங்கினார். சொல்ல வேண்டியதை ஒவ்வொரு படியிலும் ஒத்திகை பார்த்துக்கொண்டார்.

கீழ்வீட்டில் காசிம் ராவுத்தர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"மூணு வருசமா என் மண்டை மேல வாசிச்சீங்க. இன்னிக்குக் கையில குடுக்கறேங்கறீங்க. முன்னேற்றந்தான்."

கோதண்டபாணி கைகளைக் கூப்பினார். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார்.

"அதெல்லாம் கிடக்கட்டும். எத்தனை பேர் வேணும்?"

ராவுத்தர், அவர் மனைவி, கல்லூரியில் படிக்கும் இரண்டு பெண்கள் என நால்வர் மாடியேறினார்கள். எதிர்வீட்டு வங்கி அம்மாள் கணவரோடு வந்தார். நகம் படக்கூடாது, மோதிரத்தைக் கழற்ற வேண்டும், கழுத்தைப் பிடித்துத் தூக்கக்கூடாது என்று கோதண்டபாணி விதிகளை அடுக்கினார். எங்கேனும் கையெழுத்துப் போட வேண்டுமா என்று அந்த அம்மாள் கேட்டார். ராவுத்தரின் இளைய மகள் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நல்ல நேரத்துக்கு வந்துசேர்ந்த வேதநாயகியோடு சேர்த்து எழுவர் ஆயினர். கோதண்டபாணி எட்டாமவர். இன்னும் ஓராள் குறைந்தது.

சமையலறைக்குப் போனார். சுலோசனா பாயசத்துக்கு முந்திரி வறுத்துக்கொண்டிருந்தார். கோதண்டபாணி அடுப்பருகே போய் நின்றார். படியில் பார்த்த ஒத்திகையில் இந்த இடம் வரவேயில்லை.

சுலோசனா அடுப்பை அணைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். அறையின் நிலைப்படி வரை வந்து நின்றார்.

"உள்ள வரலாமுங்களா?"

கோதண்டபாணி ஒதுங்கி வழிவிட்டார்.

சுலோசனா அடர்சிவப்பு நிறத்ததைத் தேர்ந்தெடுத்தார். மடியில் வைத்ததும் அதன் கனத்தை உணர்ந்து வியந்தார்.

"இத்தனை கனமா? இதையா தினமும் தூக்கிட்டு உக்காந்திருக்கீங்க?"

முப்பத்து நான்கு ஆண்டு மணவாழ்வில், தம் தோள்வலியைப் பற்றி அவர் முதன்முதலாக விசாரித்ததைப் போல இருந்தது கோதண்டபாணிக்கு. விசாரிக்க அவருக்கு வழி இருந்ததில்லை என்பதும் உடனே நினைவுக்கு வந்தது.

நல்ல நேரம் தொடங்கிற்று. ஒன்பது கிடார்களையும் ஆறு ஆம்புகளில் பகிர்ந்து செருகினார் கோதண்டபாணி. ஆறு ஆம்புகளின் செருகிகளையும் ஒரே மின்பலகையில் செருகினார். இரண்டுக்கு மேல் அவர் ஒருபோதும் இணைத்ததில்லை. ஒருவர் வாசிக்க இரண்டே மிகுதி.

ஒவ்வொன்றாக விசையைத் தட்டினார். சிவப்பு விளக்குகள் எரிந்தன. ஐந்தாவது ஆம்ப் வரை உறுமல் கூடிக்கொண்டே போயிற்று.

ஆறாவதைத் தட்டியதும் உறுமல் நின்றது. விளக்குகள் அணைந்தன. தலைக்கு மேலே மின்விசிறி மெல்ல ஓய்ந்தது.

கோதண்டபாணி மீட்டர் பெட்டிக்கு ஓடினார். ஃபியூஸ் கம்பி உருகிப் போயிருந்தது. வீட்டில் மாற்றுக் கம்பி இல்லை. தெருமுனைக் கடை திறக்கவில்லை. அடுத்த தெருவுக்கு ஓடினார். அங்கே விஜயதசமிப் பூசை நடந்துகொண்டிருந்தது. கற்பூரம் அணையும் வரை கடைக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை.

கம்பியோடு திரும்பும்போது நல்ல நேரம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. மாடியிலிருந்து எந்த ஓசையும் வரவில்லை. எல்லாரும் போய்விட்டார்கள் என்று நினைத்தார். மூன்று ஆண்டுகள் வாசலில் காத்து நின்றது இப்படி முடிந்ததே என்று எண்ணிக்கொண்டே படியேறினார்.

யாரும் போகவில்லை.

எட்டுப் பேரும் தரையில் அமர்ந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் குனிந்து, கிடார் உடலின் மேல்முனை மரத்தில் கன்னத்தைப் பதித்து, ஒற்றைத் தந்தியை மீட்டிக்கொண்டிருந்தார். ராவுத்தர் கண்களை மூடியிருந்தார். அடுத்த அறையில் வேண்டியவர் பேசுவதை ஒட்டுக்கேட்பவர் போல இருந்தது அவர் முகம். வங்கி அம்மாளின் உதடுகள் சற்றே திறந்திருந்தன. அவர்களுக்குக் காட்டித்தந்த வேதநாயகியும் அவ்வாறே குனிந்திருந்தார்.

கைப்பிடிச் சுவரில் காகம் நடப்பது கேட்கும் அளவுக்கு அறை அமைதியாக இருந்தது.

வேதநாயகி தலை நிமிர்ந்தார். ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு வந்தார்.

"கேட்டுதுங்களா?"

கேட்டது என்றார்கள்.

ராவுத்தர் மட்டும் சற்று யோசித்தார். "மேலேருந்து வந்தப்ப இடி மாதிரி இருந்துச்சு. பக்கத்துல வச்சுக் கேட்டா, யாரோ பேசற மாதிரி இருக்குதுங்க."

சுலோசனா தலையசைத்தார். கன்னத்தை மரத்திலிருந்து எடுக்கவில்லை.

"எட்டு ஒலிச்சிருக்கு," என்றார் வேதநாயகி. மனைப்பலகையில் ஒன்பதாவது கிடந்தது.

கோதண்டபாணி கம்பியைக் காட்டினார். ஐந்தே நிமிடங்களில் மின்சாரம் வந்துவிடும் என்றார். வேதநாயகி கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிடங்கள் இல்லை.

கோதண்டபாணி கிடாரை எடுத்தார். நின்றபடியே மீட்டினார். கொசு பறந்தாற்போல ஏதோ கேட்டது. வலுவாக மீட்டினார். அதே கொசு. திருகைத் தேடி அவர் கை தானாகவே ஆம்பின் பக்கம் போயிற்று.

அப்போது சுலோசனா தம் கிடாரை ஒரு கையில் அணைத்தபடி எழுந்து வந்தார். கணவரின் பிடரியில் கையை வைத்தார்.

"குனிங்க."

கோதண்டபாணி குனிந்தார். போதவில்லை. சுலோசனாவின் கை இன்னும் கொஞ்சம் அழுத்திற்று. கன்னம் மரத்தில் பட்டது. மற்ற எட்டோடு சேர்ந்து அவர் விரலும் மீட்டிற்று.

முதலில் பற்களுக்குத் தெரிந்தது. பிறகு தாடையெலும்பில் ஊர்ந்து, காதை உள்ளிருந்து தொட்டது. அது ஒலியாக மட்டும் இல்லை. யாரோ மிக அருகில் அமர்ந்து, அவசரமே இல்லாமல், ஒன்றைச் சொல்லிக்கொண்டிருப்பதைப் போல இருந்தது. சொல்லி முடித்த பிறகும் அந்த ஆள் எழுந்து போகவில்லை.

கோதண்டபாணி இரண்டாம் முறை மீட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பாயசம் பரிமாறப்பட்டது. ராவுத்தரின் பெண்கள் ஒரு கையில் தம்ளரும் மறு கையில் கிடாருமாகவே இருந்தார்கள். பாயசம் சிந்தும் என்று கோதண்டபாணி சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை.

வேதநாயகி விடைபெற்றுக் கீழே இறங்கினார். கோதண்டபாணி வெற்றிலைத் தட்டோடு பின்னாலேயே ஓடினார். வெற்றிலை, பாக்கு, பழம், முன்பணம் எல்லாம் அதில் இருந்தன. வாயிற்கதவருகே வழிமறித்து நீட்டினார்.

"பாடத்துக்குங்க மாஸ்டர். நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும்?"

வேதநாயகி தட்டைத் தொடவில்லை.

"அதுக்கு முன்னால மூணு வருசப் பாக்கி ஒண்ணு இருக்குதுங்களே சார்."

"உங்களுக்கு நான் பாக்கி வச்சிருக்கனா மாஸ்டர்?"

"எனக்கில்லைங்க."

வேதநாயகி மாடியை அண்ணாந்து பார்த்தார். கோதண்டபாணியும் பார்த்தார். சன்னலையொட்டி எழுந்து நின்று, ஏழு பேரும் மீண்டும் கிடார்களின் மேல் குனிந்திருந்தார்கள். சுலோசனாவின் நரையோடிய வகிடு தெரிந்தது. வங்கி அம்மாளின் கணவர் குனிந்தபடியே, ராவுத்தரிடமிருந்த கிடாரையும் கேட்டுப் பார்க்கக் கைநீட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு அதுல எவ்வளவு அடைஞ்சுதுன்னு சரியாச் சொல்லுங்க. தட்டை வாங்கிக்கறேன்."

கோதண்டபாணி வாழ்நாளெல்லாம் கணக்குப் பார்த்தவர். அவசரப்படவில்லை. சன்னலில் தெரிந்த தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியாகச் சுலோசனாவின் தலையில் பார்வை நெடுநேரம் நின்றது.

பிறகு வேதநாயகியின் பக்கம் திரும்பித் தட்டை இன்னும் சற்றுத் தாழ்த்தினார்.

"ஆளுக்கு ஒரு ஸ்வரம், மாஸ்டர்."