இருபத்தாறாம் தகடு

கருவேலம்பட்டிக் கபடி அணி அந்த வருஷம் வரிசையாகப் பதினாலு ஆட்டம் தோற்றிருந்தது. பதினாலு என்று அடித்துச் சொல்லக்கூடியவர் ஊரில் ஒருவர்தான். அங்கமுத்து.

மைதானத்தில் புள்ளிப் பலகை அவர் பொறுப்பு. பலகையின் இரண்டு பக்கமும் இரண்டு கொக்கிகள். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு தகரத் தகடு. எண்ணெய் டின்னை வெட்டி, சுழியத்திலிருந்து ஐம்பது வரை அவரே எழுதியவை. சொந்த அணிக்குச் சிவப்பு எழுத்து, எதிரணிக்கு நீலம். புள்ளி ஏற ஏறப் பழைய தகட்டைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுவார். இருபத்திரண்டு வருஷத்தில் ஓர் எண்கூடப் பிசகியதில்லை.

பதினாலாவது தோல்வி முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில், ஊற்றடிச் சாமியின் குடிசை முன்னால் சைக்கிளை நிறுத்தினார். சாமியைவிட அங்கமுத்துவுக்கு ஒன்பது வயது அதிகம். ஆனாலும் எட்டு வருஷமாக அவர்தான் இவருக்குக் குரு.

“சாமி, இவங்க மேல வச்ச மனச எடுக்க ஒரு வழி சொல்லுங்க.”

“எவங்க மேல?”

“நம்ம கபடிப் பயலுக மேலதான். இன்னைக்கும் போச்சு. பதினெட்டுக்கு முப்பத்தஞ்சு. எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது. ‘கபடி ஆடுறது அவங்களா நீங்களா’ன்னு என் சம்சாரம் கேக்குறா.”

“போகாம இருந்துடலாமே?”

“இருந்து பார்த்தேன் சாமி. மூணு மணியானா சைக்கிள் தானா வாசல்ல வந்து நிக்குது.”

சாமி சிரித்தார்.

“சிரிக்காதீங்க. வர்ற ஞாயிறு மேலக்கோட்டையோட ஆட்டம். அதுலயும் தோத்தா மாவட்டப் போட்டியில இருந்தே நம்ம பேரை எடுத்துருவாங்க. அப்புறம் அணியும் கிடையாது, பலகையும் கிடையாது.”

சாமி எழுந்து வந்தார். சைக்கிளில் தொங்கிய இரண்டு தகட்டுப் பைகளையும் இரண்டு கையால் தூக்கிப் பார்த்தார்.

“இது ஏன் இவ்வளவு லேசா இருக்கு?”

“அது நம்ம பை சாமி. பதினாலு ஆட்டத்துல நம்மாளுக எடுத்த பெரிய புள்ளியே இருபத்துநாலுதான். மீதியை வீணா எதுக்குச் சுமக்கணும்? ஆண்டிமேடு ஏறுறப்ப மூச்சு வாங்குது. இருபத்தஞ்சோட நிறுத்திட்டேன். ஒண்ணு கூடவே வச்சிருக்கேன்.”

“எதிராளிக்கு?”

“அவங்களுக்கு ஐம்பதும் இருக்கு.”

“அதுக்கு மூச்சு வாங்கலையா?”

அங்கமுத்து சைக்கிள் ஸ்டாண்டை எடுத்தார்.

“ஞாயிற்றுக்கிழமை நானும் வர்றேன்” என்றார் சாமி.

ஞாயிறு மதியம் அங்கமுத்து பரணை அண்ணாந்து பார்த்தார். மீதி இருபத்தைந்து தகடுகளும் சாக்கில் சுற்றி அங்கேதான் இருந்தன. ஏணியில் கால் வைத்தவர், இறங்கிவிட்டார். இன்னொரு தடவை ஆசைப்பட்டு ஏமாற அவருக்குத் தெம்பில்லை.

சாமி வறுத்த கடலையோடு வந்து பலகைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“நம்மாளுக யாரு?”

“சிவப்புச் சட்டை.”

“நல்லாத்தானே ஆடுறாங்க?”

“பொறுங்க சாமி. பிற்பாதியில பாருங்க.”

பிற்பாதி வந்தது. அங்கமுத்து எதிர்பார்த்தது வரவில்லை. இருபதுக்கு இருபத்து மூன்று. இருபத்து நான்குக்கு இருபத்தாறு. முடிய நாலு நிமிஷம் இருக்கும்போது இருபத்தைந்துக்கு இருபத்தேழு. கடைசிச் சிவப்புத் தகடு கொக்கியில் ஆடிக்கொண்டிருந்தது.

அணித்தலைவன் சேவுகன் பாடிப் போனான். ஓரத்தில் நின்றவனின் தோளைத் தட்டிவிட்டுக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து விழுந்தான். நடுவர் கையைத் தூக்கினார். இருபத்தாறு.

அங்கமுத்துவின் கை பைக்குள் போனது. துணியின் அடியைத் தொட்டது. அப்படியே நின்றது.

“பெரியப்பா, பலகைய மாத்துங்க!” சேவுகன் களத்திலிருந்து கத்தினான். “எத்தனைன்னு தெரியாம எப்படி ஆடுறது?”

“என்ன பெருசு,” மேலக்கோட்டைப் பக்கமிருந்து ஒருவன் கேட்டான், “இருபத்தஞ்சுக்கு மேல எண்ணத் தெரியாதா?”

கூட்டம் சிரித்தது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகப் பலகை பொய் சொல்லிக்கொண்டிருந்தது. அங்கமுத்துவுக்குக் காது சுட்டது. சாமியைப் பார்த்தார். சாமி கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தார்.

கழற்றிப் போட்ட நீலத் தகடுகள் காலடியில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. அதில் மேலே இருந்தது இருபத்தாறு. மேலக்கோட்டை அதைத் தாண்டிப் போயிருந்தது. அங்கமுத்து குனிந்து எடுத்தார். சொந்தக் கொக்கியில் மாட்டினார்.

“நம்ம பக்கம் நீலமா?” கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார்.

“நிறத்தைப் பார்க்காதீங்கப்பா, எண்ணைப் பாருங்க!” என்று கத்தினார் அங்கமுத்து. மைதானத்தில் அவர் குரலை யாரும் அதுவரை கேட்டதில்லை.

மேலக்கோட்டை ஒரு புள்ளி எடுத்தது. இருபத்தெட்டு. அதனால் இருபத்தேழு காலியானது. அடுத்த பாட்டிலேயே கருவேலம்பட்டி ஒன்று எடுத்து அதை வாங்கிக்கொண்டது. இருபத்தேழுக்கு இருபத்தெட்டு. ஒரு நிமிஷம் பாக்கி.

ஒல்லிப் பையன் கோட்டைச்சாமி பாடிப் போனான். பின்கோடு வரை போய்விட்டு, திரும்பும்போது ஒருவனின் முழங்காலைக் காலால் உரசிவிட்டுப் பாய்ந்தான். நடுவர் கை மேலே போனது.

இருபத்தெட்டு. அங்கமுத்து தேடினார். மைதானத்தில் இருபத்தெட்டு எழுதிய தகடு ஒன்றே ஒன்றுதான். அது எதிராளியின் கொக்கியில் தொங்கியது.

பலகையின் நடுவில் அவர் தண்ணீர்ச் சொம்பு மாட்டுகிற ஆணி ஒன்று உண்டு. சொம்பை எடுத்துக் கீழே வைத்தார். இரண்டு கொக்கிகளையும் காலி செய்தார். இருபத்தெட்டை எடுத்து நடு ஆணியில் மாட்டினார்.

ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் கருவேலம்பட்டி மொத்தமும் எழுந்து நின்றது. சேவுகன் பலகையைப் பார்த்தான். தொடையை ஓங்கித் தட்டினான்.

கடைசிப் பாட்டு மேலக்கோட்டையுடையது. அவர்களில் பெரிய ஆள் வந்தான். இடப்பக்கம் போனான், வலப்பக்கம் போனான். கோட்டைச்சாமி கணுக்காலைப் பிடித்தான். இழுத்துக்கொண்டே இரண்டடி போனவனைச் சேவுகன் இடுப்போடு கட்டினான். மற்றவர்கள் மேலே விழுந்தார்கள். நடுக்கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது அவன் மூச்சு அறுந்தது. விசில் ஒலித்தது.

அங்கமுத்துவின் கை பிசகவில்லை. இருபத்தெட்டை எதிராளி கொக்கிக்குத் திருப்பி மாட்டினார். எதிராளியின் பையிலிருந்து, மேலக்கோட்டைக்காரர்கள் தொடாத இருபத்தொன்பதை எடுத்தார். சொந்தக் கொக்கியில் மாட்டினார். மாட்டிவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார்.

பையன்கள் ஓடி வந்தார்கள். அவரைத் தூக்கினார்கள்.

“விடுங்கடா, இடுப்பு, இடுப்பு!”

விடவில்லை. மைதானத்தைச் சுற்றி மூன்று சுற்று. எண்ணியவர் அவரேதான்.

அடுத்த ஞாயிறு மதியம் அங்கமுத்து ஊற்றடியில் சைக்கிளை நிறுத்தினார். சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

“மேடு எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார் சாமி.

“ரெண்டு தடவை இறங்கித் தள்ளினேன் சாமி. இன்னைக்கு அவனுக தோத்தாலும் சரி, ரெண்டு பையிலயும் ஐம்பது வரைக்கும் இருக்கு. எண்ணிப் பார்த்துட்டேன். ஒண்ணுகூடக் குறையல.”

சாமி எழுந்து வந்தார். சிவப்புத் தகடுகள் இருந்த பையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார்.

“ஐம்பத்தொண்ணு எங்க?” என்றார்.