காயல் பக்கத்துச் சுவர்

"எனக்க தம்பி எனக்க சுவரை உடைக்கான், அம்மா. அவனைக் கையும் களவுமா எப்படிப் பிடிக்கது?"

படகிலிருந்து ஒரு காலை இன்னும் எடுக்காமலே தாணுமூர்த்தி இப்படிக் கேட்டார்.

அக்கரை அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். காயலுக்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்புக் குடிசையில் தனியாக இருப்பதால் அந்தப் பெயர். வயது நாற்பதுதான். தாணுமூர்த்திக்கு அறுபத்தைந்து. தன்னைவிடச் சின்னவளைக் குருவாக ஏற்றுக்கொண்டதில் அவருக்குப் பெருமை உண்டு. அதையும் அவளிடம் இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

"உக்காரும். எந்தச் சுவரு?"

"காயல் பக்கத்துச் சுவரு."

அது பாட்டன் கட்டிய வீடு. கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டி, ஓடு வேய்ந்து, தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அப்பாவுக்குப் பிறகு தென்பாதி தாணுமூர்த்திக்கு, வடபாதி தம்பி மாதேவனுக்கு. நடுவில் கூடம் பொது. மாதேவன் குடும்பத்தோடு அங்கேயே இருந்தான். அண்ணன் நாகர்கோவிலில். வருஷத்துக்கு ஒருதரம் மழைக்கு முன்னால் வந்து தன் பாதியைப் பழுதுபார்த்துவிட்டுப் போவார்.

"போன வருசம் நல்ல சிமெண்டா வாங்கி, உள்பக்கம் ரெண்டு விரல் கனத்துக்குப் பூசினேன். இப்ப வந்து பாத்தா பாதி தரையில கிடக்கு. அதுக்கு முந்தின வருசமும் அப்படித்தான். அவனுக்க சுவரு மட்டும் ஜம்முனு நிக்கு. அதே கல்லு, அதே காத்து, அதே உப்பு. எப்படி?"

"எப்படி?"

"நான் இல்லாத நேரம் பாத்துத் தட்டுகான். வீடு இடிஞ்சா எனக்க பாதியை விட்டுட்டு ஓடிருவேன்னு நினைப்பு."

"தட்டினதைப் பாத்தீரா?"

"பாக்கணுமா? மூணு வருசத்துக்கு முந்தி அவனே வாயால சொன்னான், 'அண்ணே, இந்தச் சுவருக்கு சிமெண்ட் வேண்டாம்'னு. வீடு நிக்கணும்னு நினைக்கிறவன் சொல்லுற பேச்சா இது? மறுநாளே எனக்க பக்கத்துக் கூடத்துக் கதவுக்குப் பூட்டு வாங்கிப் போட்டேன்."

அம்மா கீரையிலிருந்து ஒரு புழுவை எடுத்து மணலில் விட்டாள்.

"இப்ப என்ன செய்யப் போறீரு?"

"கூடத்துக்குக் குறுக்க சுவரு வைக்கப் போறேன். செங்கல் இறக்கியாச்சு. அதோட அவன் யாரோ, நான் யாரோ."

அதே காயலில் மாதேவனுக்கு நீச்சல் பழக்கியவர் அவர்தான். அது ஞாபகம் வந்ததும் கோபம் இன்னும் ஏறியது.

"தை பிறக்கட்டு," என்றாள் அம்மா. "அதுவரைக்கும் செங்கல் கிடந்த இடத்திலே கிடக்கட்டு. சுவரை மறுபடி பூசும். உமக்குத் தெரிஞ்ச காவலையெல்லாம் வையும். கதவைத் திறக்க அன்னைக்கு நானும் வாறேன். கள்ளனைப் பிடிச்சுத் தாறேன்."

காவல் என்றால் தாணுமூர்த்திக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. அரசாங்கக் கிடங்கில் முப்பது வருஷம் சாவி வைத்திருந்தவர் அல்லவா.

இந்தமுறை மூன்று விரல் கனத்துக்குப் பூசினார். ஜன்னல்களை அடைத்தார். கதவுக்கு இரண்டு பூட்டு. பூட்டின் மேல் நூல், நூலின் மேல் அரக்கு, அரக்கின் மேல் மோதிரத்தின் அச்சு. சுவரின் ஓரமாகத் தரை முழுக்கச் சலித்த சாம்பலைப் பரப்பியிருந்தார். பூனை வந்தால்கூடக் கால் பதியும்.

வெள்ளிதோறும் பஸ் பிடித்து வந்தார். அரக்கைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். மாதேவன் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அக்கரைக்குப் படகு ஏறினார்.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவின் தண்ணீர்ப் பானை அவர் கண்ணில் பட்டது. மண்பானை. அடியில் மணல் நனைந்திருந்தது.

"பானை ஒழுகுது, அம்மா."

"அப்படியா?"

"யாரோ ஓட்டைப் பானையை உங்க தலையில கட்டிட்டான். யாருகிட்ட வாங்கினீங்க?"

அம்மா சிரித்தாள்.

அடுத்த வாரம் படகுக்கு அடிக்கிற நீலப் பெயிண்ட் ஒரு டப்பா கொண்டுவந்தார். பானைக்கு வெளிப்பக்கம் இரண்டு கோட் அடித்தார். மணல் காய்ந்தது. அவருக்குப் பரம திருப்தி.

தை மூன்றாம் நாள் உச்சி வெயிலில் அம்மா படகிலிருந்து இறங்கினாள். இடுப்பில் அந்த நீலப் பானை.

தாணுமூர்த்தி அரக்கைப் பார்த்தார். அச்சு அப்படியே இருந்தது. நூல் அறவில்லை. கதவைத் திறந்தார்.

பாதிப் பூச்சு சாம்பல்மேல் கிடந்தது.

"பாத்தீங்களா," என்றார். மூன்று மாதம் காத்திருந்த சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது. "நான் சொன்னேன்லா."

"கால்தடம் எங்க?"

தாணுமூர்த்தி குனிந்தார். முட்டிபோட்டார். சாம்பலில் ஒரு பல்லி நடந்த கோடு இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

"ஓட்டைப் பிரிச்சு இறங்கியிருப்பான்."

ஏணி வைத்து ஏறினார். ஒவ்வொரு ஓட்டிலும் ஒட்டடை அறாமல் இருந்தது.

"வெளியே நின்னு தட்டியிருப்பான். அதிர்ந்து விழுந்திருக்கும்."

வேட்டியைத் தூக்கிக் கட்டி, முட்டளவு தண்ணீரில் இறங்கி, சுவரைச் சுற்றி வந்தார். வெளிச்சுவரில் பாசி கலையாமல் இருந்தது.

திரும்பி வரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஏதாவது செய்வினை வச்சிருப்பான்," என்றார். அதை அவரே நம்பவில்லை.

"தண்ணி குடியும்," என்றாள் அம்மா.

பானையைச் சாய்த்தாள். அவர் இரண்டு கையையும் குவித்து ஏந்தினார். ஒரு வாய் குடித்ததும் முகம் சுளித்தார்.

"வெதுவெதுன்னு இருக்கு. முந்தியெல்லாம் உங்க பானைத் தண்ணி ஜில்லுனு இருக்குமே."

"இருந்துது. முந்தி பானைக்கு வேர்க்கும்."

தாணுமூர்த்தி பானையைப் பார்த்தார். நீலம் பளபளவென்று இருந்தது. தன் கைவேலைதான்.

பிறகு தரையில் கிடந்த பூச்சில் ஒரு துண்டை எடுத்துப் புரட்டினார். சுவரோடு ஒட்டியிருந்த பக்கம் ஈரம். அந்த ஈரத்தில் அப்பளக் கனத்துக்கு உப்புப் படிந்திருந்தது.

"சுவருக்கும் வேர்க்கணும், இல்லையா," என்றார். மடியிலிருந்து சாவியை எடுத்தார்.

கூடத்தின் பூட்டு துருப்பிடித்திருந்தது. இரண்டு இழுப்புக்குப் பிறகுதான் கழன்றது. கூடத்தைத் தாண்டித் தம்பியின் பாதிக்குள் போய், அவனுடைய காயல் பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். வெறும் சுண்ணாம்புச் சுவர். காய்ந்திருந்தது. கையில் மாவுபோல உப்பும் சுண்ணாம்பும் ஒட்டிக்கொண்டு வந்தன.

கொல்லையில் மாதேவன் சிப்பிச் சுண்ணாம்பைத் தொட்டியில் போட்டு நீற்றிக்கொண்டிருந்தான். வருஷா வருஷம் தையில் அவன் செய்கிற ஒரே மராமத்து அது. கூடத்து வழியாக அண்ணன் வருவதைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"மாதேவா. சிமெண்ட் வேண்டாம்னு ஒருதரம் சொன்னியே. அதைத் திரும்பச் சொல்லு."

மாதேவன் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தான். அவர் கையில் தொங்கிய பூட்டைப் பார்த்தான்.

"என்னத்துக்கு அண்ணே? இந்த வாசலுக்கும் பூட்டுப் போடவா?"

தாணுமூர்த்தி பூட்டைச் சாவியோடு தொட்டியின் விளிம்பில் வைத்தார்.

"உளியை எடுத்திட்டு வா," என்றார். "எனக்க சுவரை உடைக்கணும்."