தூக்க முடிவதும் நிற்க முடிவதும்

மனைவி தெய்வாத்தாளை நாச்சிமுத்து கடைசியாக உயிரோடு பார்த்தது பேருந்து ஜன்னல் வழியாக. அவள் மடியில் ஒரு இரும்பு எடைக்கல் இருந்தது. தொலைநோக்கி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடாமல் மறுபக்கம் மாட்டுகிற கல். அதன் மரை தேய்ந்துவிட்டதால் தாராபுரத்தில் லேத் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தாள்.

"குழந்தையாட்ட மடியில வெச்சிருக்கிற," என்றார் அவர், கீழே நின்றபடி.

"உங்களாட்டவே கனம். உங்களாட்டவே வாயும் இல்ல," என்றாள் அவள்.

பேருந்து கிளம்பியது. பாதி வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாளாம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

காரியமெல்லாம் முடிந்த மறுவாரம் நாச்சிமுத்து ஜெசிந்தா டீச்சர் வீட்டுக்குப் போனார்.

ஜெசிந்தா பாலிடெக்னிக்கில் பாடம் எடுப்பவர். ஊரில் வானம் பார்க்கிறவர்களைச் சேர்த்து நடத்துவதும் அவர்தான். நாச்சிமுத்துவைவிட இருபது வயது இளையவர். மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற கையோடு நாச்சிமுத்து அவரிடம் மாணவராகச் சேர்ந்தார். உண்மையில் சேர்ந்தவள் தெய்வாத்தாள். அவள் பார்ப்பாள், இவர் தூக்குவார். போகப் போக இவரும் பார்க்கத் தொடங்கினார், அவளும் தூக்கத் தொடங்கினாள்.

"டீச்சர், கம்ப்யூட்டர் மவுண்ட் ஒண்ணு வாங்கோணுமுங்க. வெளிய எடுத்துட்டுப் போறாப்பல. எதை வாங்கறதுன்னு நீங்கதான் சொல்லோணும்."

தொலைநோக்கியைத் தாங்குகிற தலையையும் முக்காலியையும் சேர்த்து மவுண்ட் என்பார்கள். உள்ளே கணினி இருந்தால், நட்சத்திரத்தின் பெயரைக் கொடுத்தால் போதும். தானே திரும்பி அதில் போய் நிற்கும். வானம் நகர நகரக் கூடவே நகரும்.

"இப்ப இருக்கறது என்னாச்சு சார்?"

"அது கையால திருப்பறதுங்க. ஒருத்தர் தேடோணும், ஒருத்தர் நேரம் சொல்லோணும். தூக்கறதுக்கும் ரெண்டு பேர் வேணும்."

அவர் எதற்காக வந்திருக்கிறார் என்பது ஜெசிந்தாவுக்குத் தெரியும்.

மாசி கடைசியில் ஒரு குறுங்கோள் மங்கலான ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகப்போகிறது. அதன் நிழல் தரையில் ஒரு பட்டையாக ஓடும். பட்டைக்குள் நிற்பவர்களுக்கு மட்டும் நட்சத்திரம் சில நொடி அணைந்து மறுபடி தெரியும். அணைந்த நேரத்தையும் வந்த நேரத்தையும் ஒவ்வொருவரும் சொன்னால், எந்தத் தொலைநோக்கியிலும் வெறும் புள்ளியாகத் தெரிகிற அந்தக் குறுங்கோளின் உருவத்தை வரைந்துவிடலாம். பட்டையின் குறுக்கே ஆங்காங்கே ஆள் நிறுத்தியிருந்தார் ஜெசிந்தா. நடு இடம் சங்கிலிக் கரடு. அந்தப் பாறைக் குன்றைத் தெய்வாத்தாள் கேட்டு வாங்கியிருந்தாள்.

"கரட்டுக்கு வேற ஆள் போடட்டுமா சார்? ரகமத்துல்லா போறேங்கறார்."

"வேண்டாமுங்க. அங்க நான் போறேன்."

"யார் கூட?"

"தனியாத்தான்."

"அந்த இடம் விட்டுப்போனா உருவத்துக்கு நடுவுல ஓட்டை விழுந்துரும்."

"விழாதுங்க. நீங்க எதை வாங்கறதுன்னு மட்டும் சொல்லுங்க."

"ஞாயித்துக்கிழமை காலைல கரட்டடிக்கு வந்துருங்க," என்றார் ஜெசிந்தா.

ஞாயிற்றுக்கிழமை அவர் காரில் இரண்டு மவுண்ட்கள் வந்தன. கோயம்புத்தூரில் தெரிந்தவர்களிடம் இரவல் வாங்கியவை. கூடவே மருந்துக்கடை ரகமத்துல்லாவும் கடலைப் பொட்டலத்தோடு வந்து இறங்கினார்.

ஒன்று கனமானது. கால் ஒவ்வொன்றும் தூண் மாதிரி. இன்னொன்றுக்குத் தொலைநோக்கியைப் பிடிக்க ஒற்றைக் கைதான். மடக்கினால் முதுகுப் பையில் அடங்கிவிடும்.

"இதுல எதுங்க நல்லது?"

"மேல கொண்டுபோய்ப் பார்த்துட்டு நீங்களே சொல்லுங்க."

நாச்சிமுத்து மேலே போகும்வரை காத்திருக்கவில்லை. அங்கேயே கனமானதில் தொலைநோக்கியை மாட்டி, தூரத்துக் காற்றாலை ஒன்றின் உச்சியைப் பிடித்தார். குழாயை விரலால் தட்டினார். காட்சி ஒரு உலுக்கு உலுக்கி அந்த இடத்திலேயே நின்றது. சின்னதில் மாட்டித் தட்டினார். வாளித் தண்ணீரில் தெரிகிற நிலா மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது.

"மேல போய்த்தான் தெரியோணுமா? இதுதானுங்க," என்று கனமானதன் தலையைத் தோளில் ஏற்றி, முக்காலியைக் கையில் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்ணா, கரட்டு மேல இன்னொரு கரட்ட ஏத்தறீங்களா?" என்றார் ரகமத்துல்லா.

"நீ வாயால ஏறு. நான் காலால ஏறிக்கறேன்."

சுனை வரைக்கும் ஏறினார். பாதி உயரம் அது. அங்கே பாறையில் முக்காலியைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். மவுண்டின் தலையை மறு தோளுக்கு மாற்றினார்.

"ஒரு பக்கம் நான் புடிக்கட்டுங்களாண்ணா?" ரகமத்துல்லாவின் குரலில் இப்போது கிண்டல் இல்லை.

"தொடாத."

எழுந்தார். கொஞ்ச தூரம் போனார். மறுபடி உட்கார்ந்தார். முன்னால் ஏறிக்கொண்டிருந்த ஜெசிந்தா நின்று திரும்பிப் பார்த்தார். ஏறுங்கள் என்றும் சொல்லவில்லை, இறங்குங்கள் என்றும் சொல்லவில்லை.

நாச்சிமுத்து தானாகவே இறங்கினார். கனமானதைக் காரில் வைத்தார். சொம்புத் தண்ணீரைக் குடித்தார். சின்னதையும் தொலைநோக்கியையும் முதுகில் மாட்டிக்கொண்டு திரும்பவும் ஏறினார். இந்தத் தடவை சுனையில் நிற்கவே இல்லை.

உச்சியில் காற்று வேட்டியைப் பிடுங்கியது. முக்காலியை விரித்து, தொலைநோக்கியை மாட்டி, மின்கோபுரம் ஒன்றைப் பிடித்தார். வேலையில் இருந்தபோது அவரே ஏறிய கோபுரம். அதன் பீங்கான் தட்டுகள் ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி ஆடின. காற்று கொஞ்சம் விடும், நிற்கும்போல இருக்கும், மறுபடி அடிக்கும்.

அவர் கண்ணை எடுத்தார். முகம் சிவந்திருந்தது.

"நிக்கறதத் தூக்க முடியல. தூக்க முடியறது நிக்க மாட்டேங்குது. இந்த ஆட்டத்துல நட்சத்திரம் அணைஞ்சுதா இல்ல ஆடுச்சான்னே தெரியாது. என்னால ஆகாதுன்னு காட்டத்தான் கூட்டியாந்தீங்களா டீச்சர்?"

ரகமத்துல்லா கடலை உரிப்பதை நிறுத்தினார்.

"துண்டைக் குடுங்க சார்," என்றார் ஜெசிந்தா.

கொடுத்தார்.

"ஒரு கல் எடுத்துட்டு வாங்க."

"எத்தாச்சோடுங்க? பெருசாவா சின்னதாவா?"

"உங்களால தூக்க முடியறதா."

நாச்சிமுத்து நாலு எட்டு நடந்து ஒரு கல்லைப் பெயர்த்துக்கொண்டு வந்தார். ஜெசிந்தா அதைத் துண்டில் வைத்து முடிந்து, மூன்று காலும் சேருகிற இடத்தில் கீழே தொங்கவிட்டார்.

"இப்பப் பாருங்க."

பார்த்தார். கோபுரம் நின்றிருந்தது. குழாயைத் தட்டினார். ஒரு உலுக்கு, அவ்வளவுதான். இன்னொரு தடவை தட்டினார். வெகு நேரம் கண்ணை எடுக்கவில்லை.

"இவ்வளவுதானுங்களா?"

"பாறை மேல நின்னுக்கிட்டுக் கனத்துக்கு என்ன பண்றதுன்னு கேட்டா நான் என்ன சார் சொல்றது?"

நாச்சிமுத்து சின்னதையே வாங்கினார். அது விழித்ததும் தெரிந்த நட்சத்திரம் இரண்டைக் காட்டச் சொல்லும். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு மொட்டை மாடிக்குப் போய் ரோகிணியையும் திருவாதிரையையும் காட்டுவார். அதன்பிறகு கேட்டதையெல்லாம் அதுவே தேடித் தரும். பேசிப் பதிந்து வைப்பதற்குக் கைப்பேசி இருந்தது. நேரத்தை அதுவே குறித்துக்கொள்ளும். தேட ஒருவர், நேரம் சொல்ல ஒருவர் என்றிருந்தது போய், பார்த்துச் சொல்ல ஒருவர் போதும் என்று ஆனது. "போச்சு", "வந்துச்சு" என்று சொல்லிச் சொல்லிப் பழகினார். பக்கத்து வீட்டுக்காரர், தனியாகப் பேச ஆரம்பித்துவிட்டார் என்று வருத்தப்பட்டார்.

அந்த நாளும் வந்தது. வெயில் இருக்கும்போதே கரட்டில் ஏறிவிட்டார். யாரும் கூட வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார். ஜெசிந்தா கீழே காரில் காத்திருந்தார்.

இருட்டத் தொடங்கியது. ரோகிணி, திருவாதிரை இரண்டையும் காட்டினார். மவுண்ட் முனகிக்கொண்டே திரும்பி, பார்க்க வேண்டிய மங்கல் நட்சத்திரத்தில் போய் நின்றது. துண்டில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டார். அப்போது காற்று ஏறியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அடித்த காற்று இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. தொங்கின கல் தூளி மாதிரி ஆடியது. கல் ஆட, முக்காலியும் கூட ஆடியது. நட்சத்திரம் ஒரு கோடாக இழுபட்டது.

கைப்பேசி கையில்தான் இருந்தது. கூப்பிட்டால் கீழே டீச்சர் எடுப்பார். அவர் கூப்பிடவில்லை. குரல் பதிவை ஓடவிட்டு, அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மண்டிபோட்டார். கல்லை எடுத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். எடுத்தால் பழைய ஆட்டம். வைத்தால் இந்த ஆட்டம். இருட்டில் முடிச்சைத் தடவிக் கொஞ்சம் இளக்கினார். கல் இறங்கியது. அதன் அடி பாறையைத் தொட்டதும் நிறுத்தி முடிச்சை இறுக்கினார். பாதிக் கனம் துண்டில் இருந்தது, பாதி பாறையில். கல் அசையவில்லை.

எழுந்து கண்ணை வைத்தார். நட்சத்திரம் ஊசிமுனையாக நின்றது. இமைக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார். கண்ணில் நீர் கோத்தது. துடைக்கவில்லை.

"போச்சு," என்றார்.

காற்று அடித்துக்கொண்டிருந்தது.

"வந்துச்சு."

கீழே இறங்கி வந்தபோது ரகமத்துல்லாவும் தன் இடத்தை முடித்துக்கொண்டு வந்திருந்தார். ஜெசிந்தா கார் விளக்கு வெளிச்சத்தில் நின்று பதிவைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு இன்னொரு தடவை கேட்டார்.

"நடு இடம் கிடைச்சிருச்சு சார்."

நாச்சிமுத்து தலையாட்டினார். "காத்துல கல்லே ஆடுச்சுங்க. கீழ தொடறாப்பல எறக்கிக் கட்டினேன். நின்னுருச்சு."

"அதை நான் சொல்லித் தரலையே."

"இல்லீங்க."

அப்போதுதான் ஜெசிந்தா கவனித்தார். முதுகில் தொலைநோக்கியும் மவுண்டும் இருந்தன. கையில் துண்டு கனமாகத் தொங்கியது.

"அதென்ன சார்?"

"கல்லுங்க."

"ஏனுங்ணா, ஊட்ல கல்லுக்குப் பஞ்சமா?" என்றார் ரகமத்துல்லா.

நாச்சிமுத்து அவரைப் பார்க்கவில்லை. "நின்னு குடுத்த கல்லுங்க டீச்சர். உட்டுட்டு வர மனசு வரல. அடுத்த தடவைக்கும் ஆகுமில்லீங்க."

"அடுத்த நிழல் எங்க விழுமோ தெரியாது," என்றார் ஜெசிந்தா. "அங்கயும் கல் கிடக்கும் சார்."

நாச்சிமுத்து குனிந்து முடிச்சை அவிழ்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காரில் ஏறினார்.

கல் கரட்டடியில், வண்டித்தடத்தின் ஓரமாகக் கிடக்கிறது.