வெந்நீர் அண்டாவும் அக்கரைப் பிள்ளைகளும்

பூம்பாளையத்து ராசா மல்லப்ப பூபதிக்கு வெந்நீரில் குளிக்காவிட்டால் தும்மல் வரும். லேசான தும்மல் இல்லை. கிரீடம் கழன்று மடியில் விழுகிற தும்மல். அப்படிப்பட்ட ராசாவின் வெந்நீர் அண்டாவை ஒருநாள் காலையில் காணோம்!

அதற்குக் காரணம் தளவாய் சிங்கமுத்து. அவர் திருடவில்லை. ஆனாலும் அவர்தான் காரணம். எப்படி என்று சொல்கிறேன்.

பூம்பாளையத்துக்கும் அக்கரைச் சீமைக்கும் நடுவில் ஒரு ஆறு. அக்கரையில் பிறந்தவர்கள் முத்திரை ஓலை இல்லாமல் இக்கரையில் இருக்கக் கூடாது என்பது சட்டம். ஓலையைப் பார்ப்பதற்கென்றே ஆற்றுத்துறையில் தனிக் காவல் உண்டு. ஊருக்குள் சுற்றும் காவல்காரர்களுக்குத் திருடனைப் பிடிப்பது ஒன்றுதான் வேலை. தளவாய்க்கு அது பொறுக்கவில்லை.

"மகாராசா, ஊர்க்காவல்காரன் சும்மாதானே சுத்துறான்? ஓலை இல்லாத அக்கரைக்காரங்களையும் அவனே பிடிக்கட்டுமே" என்றார். ராசாவும் தலையை ஆட்டிவிட்டார்.

பிறகு என்ன, காவல்காரர்களுக்குத் திருடனே கண்ணில் படவில்லை. போகிறவன் வருகிறவனிடமெல்லாம் ஒரே கேள்விதான். திருடன் சடையன் ராசாவின் அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு விடியற்காலையில் தெருவோடு வந்தான். காவல்காரன் குப்பாண்டி மறித்தான்.

"டேய், நில்லு. எங்கே பிறந்தே?"

"இந்த மண்ணுலதான் சாமி, பிள்ளையார் கோயில் தெருவுல" என்று அண்டாவுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அப்போ சரி. பார்த்துப் போப்பா, முன்னால பள்ளம் இருக்கு."

சடையன் அண்டாவை வீட்டுக் கொல்லையில் இறக்கி வைத்ததைப் பக்கத்து வீட்டுச் செம்பாயி பார்த்துவிட்டாள். அண்டாவைக் காணோம் என்று தண்டோரா போட்டதும், கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மூத்த பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு குப்பாண்டியிடம் ஓடினாள்.

"அண்ணே, அண்டாவை எடுத்தது யாருன்னு நான் பார்த்தேன்."

"அண்டா கிடக்கட்டும். நீ எங்கே பிறந்தே?"

"அக்கரையிலதான். நம்ம ஊர்ல எல்லாரும் பங்காளிங்க, பொண்ணு அங்கேதானே எடுப்பாங்க?"

"ஓலை இருக்கா?"

"மாலையும் கழுத்துமா வந்தேன். கல்யாணப் பொண்ணுகிட்ட யாருண்ணே ஓலை கேட்டா?"

"இந்தப் பெரியவ எங்கே பிறந்தா?"

"தலைப்பிரசவம் அம்மா வீட்டுலதானே? அவளும் அக்கரையிலதான். சின்னவன் இங்கே பிறந்தான்."

"அப்போ நீயும் பெரியவளும் பரிசல் ஏறுங்க. சின்னவன் இங்கேயே இருக்கட்டும்."

"ஐயோ, பால் குடிக்கிற பிள்ளைண்ணே!"

"சட்டத்துல பாலைப் பத்தி ஒண்ணும் இல்லை தாயி."

சொல்ல வந்ததை யாரும் கேட்கவில்லை. அவளைச் சபைக்கு இழுத்து வந்துவிட்டார்கள். குழந்தை பசியில் வீறிட்டது. ராசா தும்மினார். கிரீடம் விழுந்தது.

"முதல் ஆளைப் பிடிச்சாச்சு மகாராசா" என்று தளவாய் மீசையைத் தடவினார்.

சபையில் இடும்பன் என்று ஒருவர் இருந்தார். ராசாவிடம் பயமில்லாமல் பேசுகிறவர் அவர் ஒருவர்தான். அவர் எழுந்து நின்றார்.

"தளவாய் கெட்டிக்காரர். ஒரு பரிசல் போதுமான்னுதான் யோசிக்கிறேன். ஏம்ப்பா குப்பாண்டி, உனக்குக் காவல் வேலை எப்படிக் கிடைச்சுது?"

"காவல் வேலை மூத்த மகனுக்குத்தானேங்க வரும்? நான்தான் மூத்தவன்."

"தலைப்பிரசவம். உங்க அம்மா ஊரு?"

"அக்க..." குப்பாண்டி பாதியில் வாயைப் பொத்திக்கொண்டான்.

"ஏறு பரிசல்ல. மத்த காவல்காரங்களும் மூத்த பிள்ளைங்கதானே? வரிசையா ஏறுங்கப்பா. தளவாய், நீங்க எத்தனையாவது?"

தளவாய் மீசையிலிருந்து கையை எடுத்தார். "மூத்தவன்" என்றார். பக்கத்தில் நின்றவர் காதில்கூட விழவில்லை.

"நீ மட்டும் எப்படியாம்?" என்று ராசா இடும்பனைச் சீண்டினார்.

"எங்க அம்மா தலைப்பிரசவத்துக்குப் போகும்போது நடு ஆத்துல வலி கண்டு, பரிசல்லயே என்னைப் பெத்துட்டா. என்னை எந்தக் கரையில இறக்குறதுன்னு தளவாய்தான் சொல்லணும்."

சபை சிரித்தது. ராசாவும் சிரித்தார். சிரிக்கும்போதே அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. பட்டம் மூத்த மகனுக்கு. அவர் மூத்த மகன். அவருடைய அம்மாவுக்கும் அக்கரையில் ஒரு அம்மா வீடு இருந்தது.

"இடும்பா," என்றார் மெதுவாக. "என் ஓலை எங்கே இருக்கு?"

"உங்களுக்கு ஏது ஓலை மகாராசா? தொட்டிலோடதானே வந்தீங்க."

"அப்போ நாங்கல்லாம் போயிட்டா ஊரை யாரு பார்ப்பா?"

"அதுக்கு ஆள் இருக்கான். தாயி, அண்டாவை எடுத்தது யாரு?"

"பக்கத்து வீட்டுச் சடையன்" என்றாள் செம்பாயி.

"அவனேதான். ரெண்டாவது பிள்ளை, இங்கேயே பிறந்தவன். விடியக்காலையில காவல்காரரே அவனை விசாரிச்சு, பள்ளம் பார்த்துப் போகச் சொல்லி அனுப்பினதை என் வீட்டுத் திண்ணையிலிருந்து நானே கேட்டேன். அரண்மனைச் சாவியை அவன்கிட்டக் கொடுத்துட்டுக் கிளம்புங்க மகாராசா. அண்டா ஏற்கெனவே அங்கே போயிருச்சு."

ராசா விழுந்து விழுந்து சிரித்தார். தும்மலும் சிரிப்பும் ஒன்றாக வந்ததில் கிரீடம் உருண்டு தளவாய் காலடியில் போய் நின்றது.

"ஓலையைத் துறைக்காவல் பார்க்கட்டும். ஊர்க்காவல் திருடனைப் பார்க்கட்டும். வாழ வந்த பெண்களையும் அவங்க பிள்ளைகளையும் எவனும் ஓலை கேட்கக் கூடாது" என்று அங்கேயே உத்தரவு போட்டார். அண்டா கிடைத்தால் அது நிறையச் சர்க்கரைப் பொங்கல் செய்து இடும்பனுக்கும் செம்பாயிக்கும் பாதிப் பாதி என்றார். செம்பாயி சபை ஓரமாக உட்கார்ந்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். அழுகை நின்றது.

குப்பாண்டி ஒரே ஓட்டமாக ஓடிச் சடையன் கழுத்துத் துண்டைப் பிடித்தான்.

சடையன் நெஞ்சை நிமிர்த்தினான். "சாமி, நான் இந்த மண்ணுலயே பிறந்தவன்!"

"அதை யாருடா கேட்டா? அண்டா எங்கே?"