மூன்று பேட்டரி குடித்தவன்

மில் முதலாளி சொக்கலிங்கத்தின் பழைய கார் ஆறு மாதத்தில் மூன்று பேட்டரியைக் குடித்துவிட்டது.

“லைட்டை அணைக்காமப் போறது நீதான்டா. சாயங்காலத்துக்குள்ள கோளாறைக் கண்டுபிடி. இல்லைன்னா சாவியை வெச்சிட்டுப் போ” என்றார் டிரைவரிடம், ஆபீஸே பார்க்க.

டிரைவர் நஞ்சப்பனுக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். இந்த வயசில் வேறு யார் வேலை தருவார்கள்? பேட்டரி ஒயரைக் கழற்றி நடுவில் ஒரு சின்ன பல்பை மாட்டினார். வண்டி அணைந்திருந்தும் பல்பு எரிந்தது. கரண்ட் எங்கேயோ ஒழுகுகிறது. ஃபியூஸ் அத்தனையும் பிடுங்கியும் பல்பு அணையவில்லை. அப்படியானால் இது வண்டியோடு வந்த ஒயர் இல்லை, பிற்பாடு யாரோ இழுத்தது. பேட்டரியிலிருந்து தனியாகக் கிளம்பிய ஒயரைத் தடவிக்கொண்டே போனார். அவருடைய சீட்டுக்கு அடியில், தீப்பெட்டி அளவு கறுப்புப் பெட்டியில் போய் முடிந்தது.

டீக்கடையில் வண்டியை நிறுத்தினால் அடுத்த நிமிஷமே முதலாளி “ஏன்டா நின்னுட்ட?” என்று போன் பண்ணுவது அப்போதுதான் உறைத்தது.

எல்லாரையும் கூப்பிட்டார். “திருடன் என் சீட்டுக்கு அடியிலதானுங்க இருக்கான்.”

“நான் சொல்லலை? இவன் வேலைதான்!” என்று சிரித்தார் முதலாளி.

“யாரோட ஆளுன்னு அவனையே கேட்டுரலாமுங்க.”

நஞ்சப்பன் ஒயரைப் பிடுங்கினார். பல்பு அணைந்தது. முதலாளியின் சட்டைப்பையில் போன் அலறியது. அவர் எடுத்துப் பார்க்க, பக்கத்தில் நின்ற கணக்குப்பிள்ளை எட்டிப் பார்த்து வாய்விட்டுப் படித்துவிட்டார்: “டிராக்கர் துண்டிக்கப்பட்டது.”

நஞ்சப்பன் சாவியை பானட் மேல் வைத்தார்.

“இனி ஒரே திருப்புல ஸ்டார்ட் ஆகுமுங்க. ஓட்டத்தான் ஆள் பார்க்கணும்.”