ஹெட்போனுக்குக் கால்நாட்டு

மேலப்பூவாணியில் பந்தல் போடுகிறவர்கள் நாலு பேர் இருந்தார்கள். பந்தல் வேலையில் அவர்களைக் குறை சொல்ல இன்னும் ஒருத்தர் பிறந்து வரவில்லை. பந்தலை விட்டுக் கீழே இறங்கினால்தான் சிக்கல்.

சொன்ன சொல்லை அப்படியே கேட்பார்கள். அவர்களிடம் இருந்த நல்ல குணமும் அதுதான், ஊருக்குத் தலைவலியும் அதுதான். கீழத்தெருவில் ஒரு பெண்வீட்டுக்காரர், "கல்யாணம் முடியுத வரைக்கும் பந்தலைப் பிரிக்கப்படாது, ஆமா" என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்தார். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை ஊரை விட்டு ஓடிப்போய்விட்டான். கல்யாணம் முடியவில்லை, அதனால் பந்தலும் பிரியவில்லை. பிறகு அந்தப் பெண்ணுக்கு வேறு ஊரில் வேறு மாப்பிள்ளையோடு கல்யாணமாகி, வளைகாப்பே அதே பந்தலுக்குக் கீழேதான் நடந்தது. வந்தவர்கள் எல்லாரும் பந்தல் இன்னும் புதுசாக இருக்கிறது என்று மெச்சிவிட்டுப் போனார்கள்.

நாலு பேரில் மூத்தவர் ஆவுடையப்பன். மீசையைத் தடவினால் யோசிக்கிறார் என்று அர்த்தம், யோசித்தால் எல்லாரும் தள்ளி நிற்பது நல்லது. அடுத்தவன் கொம்பையா, எதற்கும் ஒரு சந்தேகம் வைத்திருப்பான். மூன்றாவது நம்பி, ஆள் குட்டை, எடை இல்லாதவன், உச்சியில் ஏறிக் கயிறு கட்டுவது அவன்தான். நாலாவது ஆள் சித்திரவேல். இந்த வம்பு வந்து விழுந்தது சித்திரவேல் தலையில்.

சித்திரவேலின் மனைவி பூரணவல்லி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் செல்போனில் பேசி ஒரு செய்தி அனுப்பினாள். கொட்டுச் சத்தத்தில் சித்திரவேலுக்கு அது காதில் விழவில்லை. சத்தமாகக் கேட்க வேண்டுமென்றால் மைக் வேண்டும், மைக்கோ பக்கத்திலேயே இருந்தது. போனை அதன் வாயில் வைத்தான். "வரும்போது மறக்காம பேன் மருந்து வாங்கிட்டு வாங்க, தலை பிடுங்குது" என்று பூரணவல்லியின் குரல் எட்டு ஊருக்குக் கேட்டது. சாமியாடிகூட ஆட்டத்தை நிறுத்தி, வேப்பெண்ணெய் தேய்க்கச் சொல்லிவிட்டுத்தான் மறுபடி ஆடினார்.

மறுநாள் அவள் பையைத் தூக்கினாள். வாசலில் நின்று கற்பூரம் ஏற்றி அவனிடம் சத்தியம் வாங்கினாள்.

"இனிமே நான் பேசுத எதையும் எங்க அண்ணன் சீராக் குடுத்த ஹெட்போனை மாட்டிக்கிட்டுத்தான் கேக்கணும். அது இல்லாம என் பேச்சு ஒண்ணு உங்க காதுல விழுந்துதுன்னு தெரிஞ்சா, நான் இந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்."

சித்திரவேல் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தான். அவனுக்கு அவள்மேல் உயிர். அவள் போன பிறகு அவன் வைத்த ரசத்தை அவனாலேயே குடிக்க முடியவில்லை.

அந்த ஹெட்போன் சாதாரணச் சாமான் இல்லை. மச்சான் கப்பலில் வேலை பார்த்தபோது வாங்கியது. காது ரெண்டையும் கிண்ணம் கவிழ்த்த மாதிரி மூடும். கன்றுக்குட்டி கட்டுகிற அளவுக்கு வயர் இருக்கும், வயரின் முனையில் வெள்ளிக் கம்பி மாதிரி ஒரு பின் இருக்கும். பழைய போனில் அது கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. ஆனால் பழைய போன் ஒரு கல்யாணத்தில் பந்தல் உச்சியிலிருந்து நழுவி சாம்பார் அண்டாவுக்குள் விழுந்துவிட்டது. சித்திரவேல் புதுப் போன் வாங்கினான். பலகை மாதிரி அகலம், கண்ணாடி மாதிரிப் பளபளப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பூரணவல்லியிடமிருந்து பேச்சுச் செய்தி வந்தது. அதற்குக் கீழே எழுத்தில், 'இதைக் கேட்டுட்டு இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள செய்ய வேண்டியதைச் செய்யுங்க. செய்யலன்னா அப்புறம் உங்க இஷ்டம்' என்று இருந்தது.

சித்திரவேல் ஹெட்போனைத் தலையில் மாட்டிக்கொண்டு, பின்னைச் சொருகப் போனான். போனில் ஓட்டையைக் காணோம். மேலே பார்த்தான், கீழே பார்த்தான், பக்கவாட்டில் விரலால் தடவினான். சார்ஜ் போடுகிற சப்பை வாய் ஒன்றுதான் இருந்தது. பின்னோ உருண்டை. அப்படியே பந்தல் சாமான் கிடங்குக்கு ஓடினான்.

மூன்று பேரும் போனைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள்.

"உள்பக்கமா வச்சிருப்பானோ?" என்றான் கொம்பையா.

"உள்பக்கம் வச்சா வெளிய இருந்து எப்படிலே சொருகுவ? கடைக்காரங்களைக் கேப்போம்" என்றார் ஆவுடையப்பன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருந்தவள் ரூபாவதி. நாலு பேரும் வரிசையாக வந்து நிற்பதைப் பார்த்ததுமே அவளுக்குப் பாதித் தைரியம் போய்விட்டது.

"இந்தப் போன்ல ஹெட்போன் ஓட்டையே கிடையாது அண்ணாச்சி. இப்ப வாரதுல முக்காவாசிக்குக் கிடையாது. போனுக்கும் ஹெட்போனுக்கும் நடுவுல சின்னதா ஒண்ணு வேணும். சார்ஜ் வாயில அதைச் சொருகி, அதுல இந்தப் பின்னைச் சொருகணும். என்கிட்ட தீந்துபோச்சு, நாளைக்கு வந்துரும்" என்றாள்.

"நாளைக்கு என் பொழப்பே இருக்காதேம்மா" என்றான் சித்திரவேல்.

"அப்ப வயர் இல்லாததை வாங்கிக்கிடுங்க. இப்ப ஊரே வயர் இல்லாமத்தான் கேக்குது."

"மச்சான் குடுத்த ஹெட்போன்லதான் கேக்கணும். சத்தியம் பண்ணியிருக்கேன்."

"சரி, போனைக் காதோட ஒட்டி வச்சுக் கேளுங்க. பக்கத்துல நிக்கவங்களுக்குக்கூடக் கேக்காது."

நாலு பேரும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். கற்பூரம் அணைத்துச் செய்த சத்தியத்தை இவ்வளவு லேசாக எடுத்துக்கொள்கிற பிள்ளையிடம் மேற்கொண்டு என்ன பேசுவது என்று கிடங்குக்குத் திரும்பினார்கள்.

"நடுவுல சின்னதா ஒண்ணு வேணும்னு சொன்னா" என்று ஆரம்பித்தார் ஆவுடையப்பன். மீசையைத் தடவினார். பிறகு எல்லாருடைய கண்ணும் நம்பிமேல் திரும்பியது.

நம்பி மறுக்கவில்லை. நடுவில் உட்கார்ந்தான். ஒரு கையில் போனைக் கொடுத்தார்கள், பின்னை வாயில் கவ்வச் சொன்னார்கள். சித்திரவேல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினான்.

"ஏதாவது கேக்கா?" என்றார் ஆவுடையப்பன்.

"ஒரே கடமுடன்னு கேக்கு அண்ணாச்சி."

"அது என் வயிறு. காலையில சாப்பிடல" என்றான் நம்பி, பின்னைக் கடித்தபடியே.

கொம்பையா போய் நாலு இட்லி வாங்கி வந்தான். நம்பி சாப்பிட்டுவிட்டு மறுபடி கவ்வினான். இந்தத் தடவை அதுவும் கேட்கவில்லை. வயிறு நிறைந்ததால் பேச்சு போக வழியில்லாமல் அடைத்துக்கொண்டது என்று முடிவு செய்து நம்பியை எழுப்பிவிட்டார்கள்.

"அந்தப் பிள்ளை இன்னொண்ணும் சொல்லிச்சே. ஊரே வயர் இல்லாமக் கேக்குதுன்னு. வயருதான் இடைஞ்சலா இருக்கும்" என்றான் கொம்பையா.

சித்திரவேல் யோசிப்பதற்குள் ஆவுடையப்பன் அரிவாளை எடுத்து வயரை ஒரே போடாகப் போட்டுவிட்டார். சித்திரவேல் ஹெட்போனை மாட்டிப் பார்த்தான். வெளிச் சத்தமும் கேட்கவில்லை, உள் சத்தமும் கேட்கவில்லை, நிம்மதியாக மட்டும் இருந்தது. ஆனால் அவனுக்கு வேண்டியது நிம்மதி இல்லை, பூரணவல்லி. மச்சானின் சீர் இப்படி ரெண்டாகக் கிடப்பதைப் பார்த்து அவன் கண் கலங்கிவிட்டது. நம்பி ஆறுதல் சொல்லி, வயரின் ரெண்டு முனையையும் சேர்த்துப் பந்தல் முடிச்சாக இறுக்கிப் போட்டுக் கொடுத்தான். யானை இழுத்தாலும் பிரியாது. நீளம் மட்டும் ஒரு முழமாகக் குறைந்துபோனது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பூரணவல்லிதான். கண்ணாடி முழுக்க அவள் படம் வந்து நின்றது.

"எடுக்காதலே" என்றார் ஆவுடையப்பன். "எடுத்தா அவ பேச்சு காதுல விழும். ஹெட்போன் இன்னும் ஏற்பாடாகல."

போன் அடித்து ஓய்கிற வரைக்கும் நாலு பேரும் தீபாராதனைக்கு நிற்பது மாதிரி கைகட்டி நின்றார்கள். சித்திரவேல் போனைக் கும்பிட்டான். இந்தப் பெண்ணுக்கு அவன் என்ன சொல்லிப் புரியவைக்க முடியும், வாயைத் திறக்கவே வழியில்லையே.

ஆவுடையப்பன் மீசையை ரெண்டு பக்கமும் தடவினார்.

"ஏலே, நாம யாரு?"

"பந்தக்காரங்க" என்றான் கொம்பையா.

"பந்தல்கால் நடப் போற இடத்துல குழி இல்லன்னா கடைக்கா ஓடுவோம்? தோண்டுவோம்லா?"

இவ்வளவு நேரம் இது யாருக்கும் தோன்றாமல் போனதே என்று எல்லாருக்கும் வெட்கமாகிவிட்டது.

ஆனால் குழி என்றால் சும்மா தோண்டிவிட முடியுமா. முதல் கால் நடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. ராகுகாலம் தொடங்குவதற்குள் முடிக்க வேண்டும். கொம்பையா மஞ்சளும் குங்குமமும் குழியில் ஊற்றப் பாலும் வாங்க ஓடினான். நம்பி மாவிலை பறித்து வந்தான். கிடங்கு வாசலில் மணல் பரப்பி, போனை அதன்மேல் கிழக்குப் பார்க்கப் படுக்கவைத்தார்கள். பின்னுக்கு மஞ்சள் தடவி, பொட்டு வைத்து, மாவிலையில் ஒரு கிழிசலை நூலால் கட்டினார்கள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். சித்திரவேல் வீட்டு விசேஷம் என்று நினைத்துச் சிலர் செருப்பைக் கழற்றினார்கள்.

"எவ்வளவு ஆழம்?" என்று கேட்டான் கொம்பையா.

"கால் நீளத்துல மூணுல ஒரு பங்கு. எப்பவும் அதுதான்."

"காத்தடிச்சா?"

"வீட்டுக்குள்ள வச்சுத்தான கேக்கப் போறான். போதும்."

கடப்பாரை பெரிது என்பதால் மூங்கிலில் துளை போடுகிற தமர் ஊசியை எடுத்தார் ஆவுடையப்பன். போனின் ஓரத்தில் வைத்துத் திருகினார். சித்திரவேல் கும்பிட்ட கையோடு பூரணவல்லி பேரைச் சொல்லிக்கொண்டு நின்றான். 'படக்' என்று ஒரு சத்தம் வந்தது. குழி விழுந்தது. குழியிலிருந்து புகையும் வந்தது.

"சாம்பிராணியா போட்டீய?" என்றான் நம்பி.

"நான் போடல. நல்ல சகுனம், தானா வருது" என்றார் ஆவுடையப்பன்.

புகை அதிகமானதும் முறைப்படி பாலை ஊற்றினார்கள். போன் 'உஸ்' என்று ஒரு மூச்சு விட்டது, கண்ணாடி கறுத்தது. பின்னை நட்டு, ஆடாமல் இருக்கச் சுற்றிலும் களிமண் வைத்து இறுக்கினார்கள். கால் அசையாமல் நின்றது. இவ்வளவு நேர்த்தியாக ஒரு கால் நட்டதில்லை என்று ஆவுடையப்பனே ஒத்துக்கொண்டார்.

சித்திரவேல் மாட்டிக் கேட்டான். ஒன்றுமில்லை. தட்டினான், ஊதினான். ஒன்றுமே இல்லை. பூரணவல்லி என்ன சொன்னாளோ, அது அந்தக் குழிக்குள் பாலோடு பாலாகப் போய்விட்டது. அவன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

"நீங்க இங்க என்ன பண்ணிக்கிட்டு இருக்கீய?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பூரணவல்லி வந்தாள். தலையில் ஒரு மூட்டை, கையில் ஒரு பை, இடுப்பில் ஒரு கட்டு முருங்கைக்காய். முகமெல்லாம் வேர்வை.

சித்திரவேல் துள்ளி எழுந்தான். ஆனால் சந்தோஷப்படுவதற்குள் சத்தியம் ஞாபகம் வந்துவிட்டது. அவசரமாக ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு, பேசாதே பேசாதே என்று தலையை ஆட்டினான். ஆவுடையப்பனும் கொம்பையாவும் நம்பியும் மரியாதைக்குத் தங்கள் காதுகளில் விரலை விட்டுக்கொண்டார்கள்.

பூரணவல்லி மூட்டையை இறக்கி வைத்தாள். பால் அபிஷேகமாகிக் கிடந்த போனைப் பார்த்தாள். அதில் நட்டிருந்த காலையும் மாவிலையையும் பார்த்தாள். புருஷனை ஒரு தடவை பார்த்தாள். அவனோடு குடித்தனம் பண்ணி அவளுக்கும் பழக்கம் இருக்கிறதல்லவா, ஒரு வார்த்தை பேசாமல் பின்னைப் பிடுங்கினாள். ஹெட்போனை அவன் தலையில் அழுத்தி மாட்டினாள். ஒரு முழ வயர்தான் என்பதால் முகத்துக்கு முகம் நின்று, பின்னைத் தன் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு தெருவே அதிரக் கத்தினாள்.

"அஞ்சு மணி பஸ்ஸுல வாரேன், வந்து மூட்டையைத் தூக்குங்கன்னு காலையிலேயே சொன்னேன். ஒத்தையில சுமந்துக்கிட்டு வந்திருக்கேன். உங்களை விட்டுட்டு அங்க இருக்க முடியல, அதனால வந்து தொலைச்சேன். பேன் எல்லாம் போயிட்டு. கேக்குதா?"

சித்திரவேலின் முகம் பூவாக மலர்ந்தது.

"அட்சரம் பிசகாம கேக்குது. ஹெட்போன் நல்லாத்தான் இருந்திருக்கு அண்ணாச்சி, போன்தான் இடைஞ்சல்" என்றான்.

ஆவுடையப்பன் காதிலிருந்து ஒரு விரலை மட்டும் எடுத்தார்.

"ரகசியம் ஒண்ணும் வெளிய போகலையே?"

"ஹெட்போன்லல்லா சொன்னா. எப்படிப் போகும்?"

"எங்களுக்கு ஒரு சொல்லும் விழலைப்பா" என்றார் ஆவுடையப்பன். வேடிக்கை பார்த்த தெருக்காரர்களும் தங்களுக்கும் விழவில்லை என்று ஒருத்தர் பாக்கி இல்லாமல் சொன்னார்கள்.

கொம்பையாதான் பூரணவல்லிக்கு மனசில் சந்தேகம் இருந்துவிடக் கூடாதே என்று முன்னால் வந்து, நெஞ்சில் கை வைத்துச் சொன்னான்:

"நீங்க தைரியமா வீட்டுக்குப் போங்க மைனி. பேன் போயிட்டுன்னு நீங்க சொன்னது சத்தியமா என் காதுல விழவே இல்ல."