ஒரு மடக்கும் மிச்சமும்

சிதம்பரநாதனுக்கு அன்று மதியம் சோறு இறங்கவில்லை. மலையடிவார முகாமிலிருந்து வந்த கண் படங்களில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. அங்கே சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, கலங்கிய பார்வையோடு ஜனங்கள் பெஞ்சில் காத்திருந்தார்கள். இங்கே ஆஸ்பத்திரியில் டாக்டர் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு ஃபைலிலும் முதல் வரி பெயர், வயது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டே படம். ஃபைலைப் படித்துப் பெயரை எடுத்துவர ஒரு ரீடர், படத்துக்கு இன்னொரு ரீடர் என்று அவர்தான் புரோகிராம் எழுதியிருந்தார். பெயர் ஒழுங்காக வந்தது. படம் தலையில்லாமல், ஆரம்பப் பகுதி அறுந்து வந்தது.

அதே ஹாலில் புரோகிராம் எழுதும் அமலியிடம் போய் நின்றார். அவரைவிட இளையவள், ஆனாலும் அவளைத்தான் குருவாக வரித்திருந்தார். அச்சாபீஸில் எழுத்து கோத்துப் பழகிய அவர் கண்ணுக்குத்தான் அவள் புரோகிராமில் விட்டுவிடும் புள்ளிகள் அகப்படும். அதை அவர் ஒரு வித்தையாகவே நினைத்ததில்லை.

"குருவே, நான் கிளம்பறேன். வேற ஏதாவது புதுசா ஆரம்பிச்சுக்கிறேன்."

"அச்சாபீஸை விட்டப்பவும் இதையேதான் சொன்னீங்களாம். லாரி ஷெட்டை விட்டப்பவும். உங்க வீட்டம்மா சொன்னாங்க."

"அவ கிடக்கா. படத்தோட தலை எங்க போகுது? அதை மட்டும் சொல்லுங்க, போயிடறேன்."

அமலி திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தொண்டை காயுது சார். ஒரு மடக்குத் தண்ணி."

தண்ணீர் கேன் ஹாலின் அந்தக் கோடியில். அலுத்துக்கொண்டே நடந்து, டம்ளர் நிறையப் பிடித்துவந்தார். அவள் ஒரு மடக்குக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். மிச்சத்தை வாஷ்பேசினில் ஊற்றிவிட்டு, தனக்கும் கொஞ்சம் பிடிக்கப் போனார். குழாய் குடகுடவென்றது, நின்றது.

"கேன் காலி. எனக்கில்லை."

"இருந்துச்சே சார். எங்க போச்சு?"

அவர் பேசினைப் பார்த்தார்.

"நான் ஒரு மடக்குதானே கேட்டேன்?"

"அவ்வளவு தூரம் நடந்துட்டு, ஒரு மடக்கா கொண்டுவருவாங்க?"

"ரீடரும் அப்படித்தான்."

சிதம்பரநாதன் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு வரி கேட்டதற்கு, அது பின்னால் வந்த படத்தின் தலையையும் சேர்த்து அள்ளி வந்திருக்கிறது. அவர் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு, கையில் இருந்ததோடு அதை விரட்டியிருக்கிறார். அடுத்து வந்த ரீடருக்குத் தலை போன மிச்சம்தான் கிடைத்திருக்கிறது.

"அப்போ துளித்துளியா எடுத்துவரச் சொல்லட்டுமா?"

"நடந்தே செத்துப்போகும்."

"பின்னே?"

"பேரைக் கொடுத்தவன்கிட்டயே படத்தையும் கேளுங்க. அவன் கையிலதானே இருக்கு?"

இரண்டாவது ரீடரை அழித்தார். சற்று நேரத்தில் திரையில் ஒரு விழித்திரை திறந்தது, செக்கச்செவேலென்று, நரம்பு நரம்பாக. டாக்டர் போனில், "வருது, வருது! அடுத்ததை அனுப்புங்க," என்றார்.

புதுக் கேன் வந்தது. டம்ளரை நிரப்பிக்கொண்டு, பாதி குடித்து, அவளிடம் வந்தார்.

"இருந்தாலும் அலுத்துப்போச்சு குருவே. எங்கயாவது போய், முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

"தாராளமா," என்றாள் அமலி. "கையில இருக்கிறதை எங்க ஊத்தப் போறீங்க?"

சிதம்பரநாதன் மிச்சத்தையும் குடித்துவிட்டு, அவள் விட்ட புள்ளியைத் தேடி அவள் திரைப்பக்கம் குனிந்தார்.